மாரி மாமாவின் இடம்

“நானூற்று ஏழு. எழுது பார்க்கலாம்.”

யுவஸ்ரீ சாக்பீஸை எடுத்தாள். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. கரும்பலகையில் பெரிதாக எழுதினாள் – 0047.

எழுதிவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாளே ஒரு பார்வை... டிரைவிங் டெஸ்டில் கால் ஊன்றாமல் எட்டுப் போட்டு முடித்தவர் அதிகாரியைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. இதில் தப்பு என்று யாராவது சொல்ல முடியுமா?

நான் சொல்லவேண்டியிருந்தது.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் தெற்கே, கடலை ஒட்டிய ஒரு குப்பத்தின் தொடக்கப்பள்ளி. அங்கே டீச்சராக இருக்கும் எஸ்தர் என் சிறுவயதுத் தோழி. கருங்குழியில் அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே காம்பவுண்டு சுவர்தான். அவள் டீச்சர் ட்ரெய்னிங் போனாள். நான் இன்ஜினியரிங் படித்து, மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். பாகங்களின் விட்டம் சரியாக இருக்கிறதா என்று அளந்து, சரியில்லாததைத் திருப்பி அனுப்புவது என் வேலை. தலைமுடியைவிட மெல்லிய வித்தியாசத்துக்கெல்லாம் சண்டை போடுவேன். அதற்குத்தான் சம்பளம்.

“நம்பரோடவே குடும்பம் நடத்துறவ நீ. சனிக்கிழம வந்து என் பசங்களுக்குப் பெரிய எண் சொல்லிக் குடுடி” என்றாள் எஸ்தர்.

இதில் என்ன கஷ்டம் இருந்துவிடப்போகிறது?

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும் – நான் பட்டியல் போடாமல் பல்கூடத் துலக்க மாட்டேன். செங்கல்பட்டில் என் வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே பட்டியல் தயார். ஐந்து நிறங்களில் பாட்டில் மூடிகள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட ஐஸ் குச்சிகள். ஒன்று, பத்து, நூறு, ஆயிரம், பத்தாயிரம் என்று கட்டம் கட்டி லேமினேட் செய்த சார்ட். கடைசி வரியில் ‘பொறுமை’ என்று எழுதி, அதற்கும் ஒரு டிக். பொறுமையை எடுத்து வைத்துக்கொண்டதை எப்படிச் சரிபார்த்தாய் என்று கேட்காதீர்கள். அதையெல்லாம் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகப் போய் இறங்கினேன். எஸ்தருக்கு அன்று ஏதோ கூட்டம். சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் பறந்துவிட்டாள்.

போகும்போது வாசலில் நின்று ஒரு விஷயம் சொன்னாள்.

“அந்த யுவஸ்ரீய மட்டும் கொஞ்சம் பாரு. அஞ்சாவது. மத்ததெல்லாம் நல்லாப் படிக்கும். பெரிய நம்பர் மட்டும் ஏறவே மாட்டேங்குது. திங்கக்கிழம டெஸ்ட் வெப்பேன். வரலன்னா மொட்டுல உக்கார வெக்கணும்... வேற வழியில்ல.”

பிள்ளைகளை அவரவர் கற்ற அளவைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று கூட்டமாக உட்காரவைக்கும் வழக்கம் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பெயரெல்லாம் அழகாகத்தான் இருக்கின்றன. ஐந்தாவது படிக்கும் பெண்ணை மொட்டில் உட்கார வைத்துப் பாருங்கள், அப்போது தெரியும் அழகு. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது ஒரே ஹால். மொட்டு வரிசைக்கு ஒட்டினாற்போல் உட்கார்ந்திருப்பது யார்? யுவஸ்ரீயின் தங்கை மோனிஷா. மூன்றாவது வகுப்பு. அவள் அவளுடைய வகுப்புக் கணக்கில் எப்போதோ மலர்ந்துவிட்டாள்.

நான் உள்ளே போனபோது மோனிஷா பாயில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் மொட்டு வரிசைக்கும் நடுவில், ஒரு ஆள் உட்காரும் இடத்தில், அவளுடைய ஸ்கூல் பை இருந்தது.

“பை எதுக்கு நடுவுல? தள்ளி வை” என்றேன்.

“அது யுவஸ்ரீ எடம் மிஸ். திங்கக்கிழம வருவா. இப்பவே புட்ச்சி வெச்சிட்டேன்.”

“ஏய், வூட்டுக்கு வாடி, உனுக்கு கீது” என்றாள் யுவஸ்ரீ பல்லைக் கடித்துக்கொண்டு.

இப்போது அந்த 0047-க்கு வருவோம்.

“நானூற்று ஏழுன்னுதானே சொன்னேன்? இது எப்படி வந்துச்சு?” என்று கேட்டேன்.

“நாலு கேட்டுச்சு. ஏழு கேட்டுச்சு. ரெண்டுதான் வந்துச்சு மிஸ். நம்பர்னா நாலு இருக்கணும்ல? அதான் முன்னாடி ரெண்டு சைபர் போட்டு ரொப்பிட்டேன்.”

“நம்பர்னா நாலு இருக்கணும்னு யார் சொன்னா?”

“எல்லா போட்லயும் அப்டிதானே எழுதிக்கீது? எங்க போட்டு சைபர் சைபர் ஒம்போது ரெண்டு.”

புரிந்துவிட்டது. அவள் பிறந்ததிலிருந்து பார்த்த பெரிய எண்கள் எல்லாம் ஃபைபர் படகின் பக்கவாட்டில் பெயின்ட்டால் எழுதியவை. அந்த எண்ணை யாரும் ‘தொண்ணூற்று இரண்டு’ என்று வாசிப்பதில்லை. ஒவ்வொன்றாகக் கூப்பிடுகிறார்கள். சார்ட்டில் 40,307 என்று எழுதிக் காட்டினேன். “நாலு சைபர் மூணு சைபர் ஏழு” என்றாள். செல்போன் நம்பர் சொல்வது போல ராகமாக.

நாம் மட்டும் என்ன? யூடியூபில் ஒரு பாட்டுக்குக் கீழே நீளமாக ஓர் எண்ணைப் பார்த்தால், வலது கோடியிலிருந்து விரல் வைத்து ‘ஒண்ணு, பத்து, நூறு’ என்று முணுமுணுப்பவர்கள்தானே? எங்கள் கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து வரும் மெயில்களில் மூன்று மூன்று இலக்கமாகக் கமா இருக்கும். மீட்டிங்கில் ‘ஹண்ட்ரட் தவுசண்ட்’ என்று யாராவது சொன்னால், சுற்றி உட்கார்ந்திருக்கும் இன்ஜினியர்கள் அத்தனை பேர் உதடும் ஒரு கணம் அசையும். லட்சத்துக்கு மாற்றிக்கொண்டிருப்போம். வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

சரி, சார்ட்டை எடுத்தேன். நூறு கட்டத்தில் நான்கு. ஒன்று கட்டத்தில் ஏழு. “பத்து கட்டத்துல என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணும் இல்லன்னா அங்க சைபர் எழுதணும்.”

யுவஸ்ரீ என்னை இரக்கத்தோடு பார்த்தாள்.

“ஒண்ணும் இல்லன்னா எதுக்கு மிஸ் எழுதணும்?”

கேட்டுவிட்டாள். நான்கு வருட இன்ஜினியரிங், எட்டு செமஸ்டர் படித்த முகத்தோடு யோசித்தேன். ‘அது அப்படித்தான்’ என்றேன். குச்சிகளைப் பிரித்தேன். அடுக்கினேன். பாட்டில் மூடிகளை இறக்கினேன். சிவப்பு மூடி யாருக்கு என்று ஒரு சண்டை வந்தது. அதற்குள் மணி பத்தைத் தாண்டிவிட்டது. பட்டியலில் இருந்த எல்லாமே தீர்ந்துவிட்டன, பொறுமை உட்பட.

வெளியே யாரோ ஹார்ன் அடித்தார்கள். பிறகு கூப்பிட்டார்கள். பிறகு திட்டினார்கள்.

என் ஸ்கூட்டியைத்தான்.

பள்ளிக்கூடத்துக்கு எதிரே சிமென்ட் ரோடு முடிந்து மணல் தொடங்கும். அங்கே படகுகளை டிராக்டர் வைத்து இழுத்து, கடலைப் பார்த்தபடி வரிசையாக ஏற்றி வைத்திருப்பார்கள். காலையில் வந்தபோது இரண்டு படகுகளுக்கு நடுவே அளவெடுத்தது போல ஓர் இடைவெளி இருந்தது. நிழல் வேறு. நிறுத்திவிட்டேன். இப்போது அந்த இடைவெளிக்கு முன்னால், கரை திரும்பப்போகும் படகுகளை இழுக்க வந்த ஒரு டிராக்டர் உறுமிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இடுப்பில் கூடையோடு ஒரு பெண். யுவஸ்ரீ, மோனிஷா இருவருக்கும் அம்மா, செல்வி அக்கா.

“யார் வண்டி இது? படிச்ச புள்ளதானே நீ? இங்க வந்து நிறுத்திக்கீறியே.”

“காலியா இருந்துச்சு அக்கா, அதான்...”

நான் முடிப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல். யுவஸ்ரீ. என் பின்னாடியே ஓடி வந்திருக்கிறாள்.

“மிஸ், அது மாரி மாமா எடம்.”

“அவரு போட் இல்லையே?”

“போட் கடல்ல கீது மிஸ். எடம் எங்க போவும்? இங்கதான் கீது.”

ஸ்டாண்டை எடுக்கப் போன நான் அப்படியே நின்றேன்.

“ஒண்ணுமே இல்லாத எடத்த எதுக்கு விட்டு வெக்கணும்? பக்கத்துப் போட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கலாமே” என்றேன், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

யுவஸ்ரீக்குப் பொறுக்கவில்லை. ஒன்றும் தெரியாத மிஸ்ஸை வைத்துக்கொண்டு எப்படித்தான் மாரடிப்பது?

“அய்யோ மிஸ். ஒருத்தர் தள்னா அடுத்தவரு தள்ணும். எல்லா எடமும் மாறி பேஜாரா பூடும். அப்புறம் மாரி மாமா வந்து எங்க ஏத்துவாரு?”

“அப்போ என் வண்டிய எங்கதான் நிறுத்துறது?”

“அதோ, கடைசி போட்டுக்கு அந்தாண்ட நிறுத்துங்க. அது வெறும் மணலு. யாரும் கேக்க மாட்டாங்க.”

கடலைப் பார்த்து நின்றால் வரிசையின் இடது கோடி அது. வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினேன். திரும்பி வந்து சார்ட்டை மடித்துப் பைக்குள் வைத்தேன். “எல்லாரும் வெளிய வாங்க. ஆளுக்கொரு சிலேட்டு” என்றேன்.

படகுகளுக்கு முன்னால் ஈர மணலில் குச்சியால் ஐந்து இடம் வரைந்தேன். வலது கோடியில் ஒன்று. அதற்கு இடப்பக்கம் பத்து, நூறு, ஆயிரம், பத்தாயிரம். “இதுதான் நம்ம கரை. நீங்கதான் போட்.”

மோனிஷா கையில் ஏழு எழுதிக் கொடுத்து வலது கோடியில் நிறுத்தினேன். தர்ஷினி என்றொரு நெட்டையான பெண் கையில் நான்கு. அவள் நூறு இடத்தில். நடுவில் பத்து இடம் காலி.

“தர்ஷினி, நடுவுல காலியா இருக்கு பாரு. தள்ளி மோனிஷா பக்கத்துல வந்து நில்லு.”

தர்ஷினி நல்ல பெண். சொன்னதைச் செய்வாள். ஒரு எட்டு எடுத்து வைத்தாள்.

“ஏய், போடி உன் எடத்துக்கு” என்று கத்தினாள் யுவஸ்ரீ. “அது மாரி மாமா எடம். நீ அங்க வந்து நின்னினா நானூறு எப்டி ஆவும்? நாப்பத்தேழு ஆயிடும்...”

சொல்லிவிட்டு நிறுத்தினாள். தர்ஷினியைப் பார்த்தாள். காலி இடத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மாதிரி நேரத்தில் வாயைத் திறக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது டீச்சர்களுக்குத்தான் தெரியும்.

யுவஸ்ரீ குனிந்து, அந்தக் காலி இடத்தில் விரலால் ஒரு பெரிய வட்டம் போட்டாள்.

“மாரி மாமா கடலுக்குப் போயிக்கீறாரு. எடம் புட்ச்சி வெச்சிக்கீது. அதான் சைபர். இல்ல மிஸ்?”

“ஆமா. அப்போ தர்ஷினிக்கு அந்தாண்ட இருக்கே ஆயிரம், பத்தாயிரம்... அங்கயும் ரெண்டு சைபர் போடலாமா?”

“எதுக்கு? அதுக்கு அந்தாண்டதான் எவனும் இல்லியே. அது வெறும் மணலு. உங்க வண்டிதான் நிக்கிது.”

மொத்தக் கூட்டமும் திரும்பி என் ஸ்கூட்டியைப் பார்த்துச் சிரித்தது. சிரிக்கட்டும். எத்தனை லேமினேட் செய்தாலும் வராத ஒன்று வந்துவிட்டது.

அதன்பிறகு என்னை யாரும் கேட்கவில்லை. அவர்களே எண் சொன்னார்கள், அவர்களே போய் நின்றார்கள். 40,307-ல் இரண்டு மாரி மாமாக்கள். “நாப்பதாயிரம்... மாரி மாமா... முந்நூறு... மாரி மாமா... ஏழு” என்று முதலில் படித்தாள் யுவஸ்ரீ. அடுத்த முறை மாமாக்களை மனதுக்குள் வைத்துக்கொண்டாள். “நாப்பதாயிரத்து முந்நூத்தி ஏழு.” எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்து, கையில் நான்கு பிடித்திருந்த பெண்ணை ஒவ்வோர் இடமாக நகர்த்தி, “இங்க நீ நாலுதான், அங்க போனா நாப்பதாயிரம், ரொம்ப அலட்டிக்காத” என்றும் சொல்லிவிட்டாள்.

எல்லாம் நன்றாகப் போனால் அது வகுப்பே இல்லையே.

“அப்ப மிஸ், எங்க போட்ல முன்னாடி ரெண்டு சைபர் கீதே, அதுவும் வெறும் மணலா? அழிச்சிரலாமா?”

மீனைப் பிரித்துக்கொண்டிருந்த செல்வி அக்கா தலையைத் தூக்கவில்லை. “அழி, அழி. உங்கப்பன் வரட்டும். உன் பேரயே அழிச்சிடுவாரு.”

அவசரமாக என் கம்பெனி அடையாள அட்டையைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். அதிலும் முன்னால் சைபர்கள் உண்டு. “இது என்னை எண்ணுறதுக்கு இல்ல, கூப்பிடுறதுக்கு. பேர் மாதிரி. பேர்ல ஒரு எழுத்த எடுத்தா வேற ஆளாயிடுவேன், கேட்டுல உள்ளயே விட மாட்டாங்க. போட் நம்பரும் அப்படித்தான். எத்தனைன்னு சொல்ற நம்பர்லதான் முன்னாடி சைபர் வேணாம்.”

யுவஸ்ரீ யோசித்தாள். “அப்ப உங்க கம்பெனில நீங்க ஒரு போட்” என்றாள்.

இல்லை என்று சொல்ல முடியுமா? தினமும் காலையில் கம்பெனி பஸ் வந்து இழுத்துக்கொண்டுதானே போகிறது.

திங்கட்கிழமை எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு பாகத்தை அளந்தேன். அளந்ததையே மறுபடி அளந்தேன். மதியம் கேன்டீனில் தட்டை வைத்தபோது எஸ்தர் கூப்பிட்டாள்.

“யாருடி அந்த மாரி மாமா?”

“ஏன், என்ன ஆச்சு?”

“அம்பதாயிரத்து அறுபது எழுதுன்னு சொன்னேன். இந்தப் பொண்ணு சாக்பீஸைப் புடிச்சிக்கிட்டு நின்னது நின்னபடியே ‘மாரி மாமா, மாரி மாமா’ன்னு முணுமுணுக்குது. சாமிதான் வந்துடுச்சுன்னு நெனச்சேன்.”

“எழுதினாளா இல்லையா, அதச் சொல்லு.”

எஸ்தர் வேண்டுமென்றே இழுத்தடித்தாள். தோழி என்றால் இப்படித்தான். ஒரு வாய் தண்ணீர் குடிக்கும் சத்தம்கூடக் கேட்டது.

“அஞ்சு, சைபர், சைபர், ஆறு, சைபர். கமாகூட சரியாப் போட்டா. மத்த நாலும் சரி. அவ வரிசைலயேதான் உக்காந்துருக்கா. இவ கதைய விடு, சின்னதுதான் பாவம்.”

“மோனிஷாவா? அவளுக்கு என்ன?”

“அக்கா எழுதி முடிச்சதும் பையை எடுத்து மடில வெச்சிக்கிச்சு. மூஞ்சி தொங்கிப் போச்சு. நிஜமாவே பக்கத்துல வந்து உக்காருவான்னு நெனச்சிட்டிருந்துருக்கு.”

கேலி செய்வதற்குப் பிடித்து வைத்த இடம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எஸ்தர் அன்று மதியச் சாப்பாட்டுக்கு அக்காவையும் தங்கையையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தாளாம். முட்டைக்குச் சண்டை போட்டுக்கொண்டார்களாம். எல்லாம் பழையபடி.

போன சனிக்கிழமை மறுபடி போனேன். இந்த முறை பட்டியலில் ஒரே ஒரு வரிதான் – ‘ஸ்கூட்டியை வெறும் மணலில் நிறுத்தவும்’.

போய்ப் பார்த்தால், வெறும் மணலைக் காணவில்லை. நான் நிறுத்தியிருந்த இடத்துக்கு அந்தப் பக்கம் புத்தம் புதிதாக ஒரு படகு, பெயின்ட் வாசனை போகாமல் நிற்கிறது. வரிசை நீண்டுவிட்டது. அதற்கும் பழைய கடைசிப் படகுக்கும் நடுவே, சரியாக ஒரு ஸ்கூட்டி அகலத்துக்கு இடைவெளி.

“இன்னா பாக்குற? உன் எடம்தான், நிறுத்து” என்றார் செல்வி அக்கா. “பொதன்கிழம புதுபோட்டு ஏத்த வந்தாங்க. ‘அது மிஸ் வண்டி எடம், யாரும் ஏத்தக் கூடாது’ன்னு யுவஸ்ரீ நடுவுல நின்னுகினு ஒரே ரகள. டிராக்டர்காரன் கும்பிட்டுட்டு அந்தாண்ட கொண்டும்போய் வுட்டான்.”

இடைவெளிக்குள் பார்த்தேன். மணலில் பெரிதாக ஒரு வட்டம் போட்டிருந்தது. நடந்து நடந்து கலைந்ததை மறுபடி வரைந்த தடம்கூடத் தெரிந்தது.

யுவஸ்ரீ பக்கத்தில் வந்து நின்றாள்.

“போன வாரம் நீங்க வெறும் மணலு மிஸ். இப்ப உங்களுக்கு அந்தாண்ட போட் வந்துடுச்சு. அதனால நீங்க சைபர்.”

வாழ்க்கையில் என்னை இவ்வளவு மரியாதையாக யாரும் பூஜ்யம் என்று சொன்னதில்லை.